31.4 டிகிரியில் நிற்பது யார்?

செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி எங்க பிராஜெக்ட் குரூப்புக்கு ஒரு கல் கிடைத்தது. கையில் பிடிக்கிற கல் இல்லை. எக்ஸ்ஆர்டி கிராஃபில் 31.4 டிகிரியில் புதுசா முளைத்த ஒரு பீக். 20 மணி நேரம் பால் மில்லில் போட்டு அரைத்த டைட்டானியம் டை ஆக்சைடு பவுடர் அது. அரைக்கும் முன் எடுத்த கிராஃபில் அந்த இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸில் தேடினோம். வந்த பேர்: ஸ்ரீலங்கைட்.

"ஏல, சிலோன் நம்ம ஜாருக்குள்ளயே வந்துட்டுல!" என்று ரூம்மேட் குதித்தான். பத்து நிமிஷத்தில் ஸ்லைடில் 'ஸ்ரீலங்கைட் உருவாகியுள்ளது' என்று கொட்டை எழுத்தில் போட்டாச்சு. ஒரு சிம்போசியத்துக்கு அனுப்பிய அப்ஸ்ட்ராக்டிலும் அதே வரி.

மறுநாள் கைடு ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஜார் என்ன மெட்டீரியல்?"

"டங்ஸ்டன் கார்பைடு சார்."

"அப்போ 35.6-ல என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போன கதைதான் இது. அடுத்த வருஷம் பால் மில் பிராஜெக்ட் எடுக்கப் போகும் ஜூனியர்ஸ், பொறுமையாகப் படியுங்க.

முதலில், ஏன் டைட்டானியம்? நம்ம கடற்கரைதான் காரணம். மணப்பாடு, பெரியதாழை பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீங்க. அலை ஏறி இறங்கிய இடத்தில் மணல் மேல் கறுப்புக் கோடும், அதை ஒட்டிச் சிவப்புக் கோடும் இருக்கும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. சிவப்பு கார்னெட். சாதா மணலைவிட இவை கனம் என்பதால் அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போய், கனமானதை மேலே விட்டுவிடும். பிரைமரில் பாத்திரத்தை ஆட்டி அரிசியில் கல் அரிக்கிற அதே வேலையைக் கடல் செய்கிறது. இந்தத் தாது மணலை அள்ளுவதற்கு 2013-ல் தமிழக அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தடை போட்டது. அந்தச் செய்தி வந்தபோது நாங்க ஸ்கூல் பசங்க. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டது மட்டும் ஞாபகம்.

இல்மனைட்டை அரைத்தால் ஆசிடில் சீக்கிரம் கரையும் என்று படித்துவிட்டு அதையே பண்ணலாம் என்றுதான் ஆரம்பித்தோம். கைடு ஒத்துக்கொள்ளவில்லை. மணலில் பத்து தினுசு தாது கலந்திருக்கும், என்ன மாறியது என்று உங்களுக்கே தெரியாது, முதலில் சுத்தமான ஒரே ஆக்சைடை அரைத்துப் பழகுங்க என்றார். அதனால் கடையில் வாங்கிய லேப் கிரேடு அனடேஸ். டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு வடிவம் அது. வெள்ளை வெளேர் பவுடர்.

இப்போ மில்லுக்கு வருவோம். பிளானட்டரி பால் மில் என்பது பேரில் சொல்கிற மாதிரியே கிரகம். ஒரு தட்டு சுற்றும், அதன் மேல் உள்ள ஜார் தன் அச்சில் எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே இருக்கும் பந்துகள் ஒரு சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் அடிக்கும். வீட்டு ஆட்டுக்கல் தேய்க்கும், உலக்கை இடிக்கும்; இது இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. எங்கள் ஜாரில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு பந்துகள், ஒன்று கிட்டத்தட்ட 8 கிராம். 10 கிராம் பவுடருக்கு 100 கிராம் பந்து, அதாவது பத்துக்கு ஒன்று. 300 ஆர்பிஎம். கால் மணி நேரம் ஓடும், கால் மணி நேரம் நிற்கும். நிற்கவிடாமல் ஓட்டினால் ஜார் சூடாகி, மாற்றம் அடியால் வந்ததா சூட்டால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

மில்லைப் பற்றி நான் முதலில் நினைத்திருந்தது தப்பு. மிளகை இடித்தால் சின்னதாகிற மாதிரி, துகள் உடைந்து உடைந்து நேனோ ஆகிறது என்று நினைத்தேன். ஆரம்பத்தில் அப்படித்தான். கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் உடைவதும் நசுங்கி ஒட்டிக்கொள்வதும் ஒன்றுக்கொன்று சமமாகிவிடும். அதற்கு மேல் துகளின் வெளி அளவு பெரிதாகக் குறையாது. ஆனால் ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கும் படிக அடுக்கைக் கொஞ்சம் வளைத்து, குறைகளைச் சேர்த்துக்கொண்டே போகும். குறைகள் தாங்க முடியாத அளவு சேரும்போது அடுக்கு பல சின்னச் சின்னப் படிகங்களாகப் பிரிந்துகொள்ளும். நேனோ பிறப்பது துகளுக்கு உள்ளேதான்.

கோவில்பட்டி கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்க. மிட்டாய்த் துண்டுதான் துகள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கடலையும் ஒரு படிகம். எஸ்இஎம் எடுத்தால் மிட்டாய் தெரியும். எக்ஸ்ஆர்டி எடுத்தால் கடலையின் அளவுதான் வரும். இரண்டு அளவும் வேற வேற வருதே என்று பயந்து, ஒன்றை ரிப்போர்ட்டிலிருந்து தூக்கிவிடுகிற பழக்கம் நம்ம லேபில் உண்டு. இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். அனடேஸின் பெரிய பீக் 25.3 டிகிரியில் வரும். படிகம் சின்னதாக ஆக ஆக அந்தப் பீக் அகலமாகும். அதை வைத்து அளவு கண்டுபிடிப்பது 1918-ல் ஷெரர் கொடுத்த வழி: 0.9-ஐ எக்ஸ்ரே அலைநீளத்தால் பெருக்கி, பீக்கின் அகலத்தாலும் பாதிக் கோணத்தின் காஸ் மதிப்பாலும் வகுக்கணும். காப்பர் எக்ஸ்ரேக்கு அலைநீளம் 0.15406 நேனோமீட்டர். மெஷினால் வரும் அகலத்தைக் கழித்த பிறகு மிச்சம் 0.8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ரேடியனில் அது 0.01396. (ரேடியனுக்கு மாற்ற மறந்து 0.18 நேனோமீட்டர் படிகம் கண்டுபிடித்த பெருமையும் எங்க குரூப்புக்கு உண்டு. அந்த அளவில் ஒரு டைட்டானியமும் ஒரு ஆக்ஸிஜனும் உட்காரவே இடம் பத்தாது.) சரியாகப் போட்டால் விடை கிட்டத்தட்ட 10 நேனோமீட்டர்.

இங்கேதான் மில்லிங் ஆட்கள் ஏமாறுவது. அரைத்த பவுடரில் அகலத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று சின்னப் படிகம். இன்னொன்று அடி வாங்கி வளைந்த அடுக்கு, அதாவது ஸ்ட்ரெயின். 1953-ல் வில்லியம்சனும் ஹாலும் சொன்ன முறையில், பல பீக்குகளின் அகலத்தை ஒரே கிராஃபில் போட்டு இந்த இரண்டையும் பிரிக்கலாம். ஸ்ட்ரெயின் வெறும் 0.5 சதவீதம் இருந்தாலே 25.3 டிகிரி பீக்கில் 0.26 டிகிரி அகலம் அதனால் வரும். அதைக் கழித்தால் மிச்சம் 0.54 டிகிரி. இப்போ விடை 15 நேனோமீட்டர். பவுடர் அதே பவுடர், பீக் அதே பீக். ஷெரரை மட்டும் நம்பினால் 10 என்று பெருமையடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு செக்கும் உண்டு. 10 நேனோமீட்டர் துகள்கள் தனித்தனியாக இருந்தால் ஒரு கிராம் அனடேஸின் மேற்பரப்பு 150 சதுர மீட்டருக்கு மேல் வரணும். ஒரு கபடிக் களம் 13-க்கு 10, அதாவது 130 சதுர மீட்டர், அதைவிடப் பெரிசு. அரைத்த பவுடரை அளந்து பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் ஆச்சரியம் இல்லை. 15 சதுர மீட்டர் என்றால் துகள் அளவு சுமார் 100 நேனோமீட்டர். மிட்டாய் 100, கடலை 15. கேட்டலிஸ்ட் வேலைக்கு அரைத்த பவுடர் நினைத்த அளவு கை கொடுக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படிகம் சின்னதாவதோடு நிற்பதும் இல்லை. அடி அணுக்களையே இடம் மாற்றும். இதற்கு நம்ம மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பேராசிரியர் நாராயணசாமியின் குழு நிக்கல் ஃபெரைட்டை ஹை எனர்ஜி மில்லில் அரைத்துப் பார்த்தது. 2001-ல் ஃபிசிக்கல் ரிவ்யூ பி இதழில் அந்தப் பேப்பர் வந்தது. ஃபெரைட்டில் ஆக்ஸிஜன் அணுக்களுக்கு நடுவே இரண்டு வகை இடம் உண்டு: நாலு ஆக்ஸிஜன் சூழ்ந்த இடம், ஆறு ஆக்ஸிஜன் சூழ்ந்த இடம். சாதாரண நிக்கல் ஃபெரைட்டில் நிக்கல் ஆறு பேர் சூழ்ந்த இடத்தில் மட்டும்தான் உட்காரும். அரைத்து சில நேனோமீட்டருக்குக் கொண்டு வந்ததும் கொஞ்சம் நிக்கல் நாலு பேர் இடத்துக்கு மாறிவிட்டது என்பதுதான் அவர்கள் காட்டியது. அதைக் காட்ட எக்ஸ்ஆர்டி பத்தாது. இரும்புக்கும் நிக்கலுக்கும் எக்ஸ்ரே பார்வையில் வித்தியாசம் ரொம்பக் குறைவு. அதனால் காந்தப்புலத்தில் வைத்து மாஸ்பாவர் அளவீடு எடுத்தார்கள். இந்தப் பேப்பரை முதல் செமஸ்டரிலேயே படித்திருந்தால், ஒரே ஒரு கிராஃபை வைத்துக்கொண்டு ராத்திரியில் குதித்திருக்க மாட்டோம்.

சரி, ஸ்ரீலங்கைட். அந்தப் பேர் சும்மா வைத்ததில்லை. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் ரக்வானைப் பகுதியில் கிடைத்த கற்களில் டைட்டானியமும் சிர்க்கோனியமும் கலந்த ஒரு புது ஆக்சைடு இருந்தது. 1983-ல் அதற்கு ஸ்ரீலங்கைட் என்று பேர் வைத்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடை பல ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் நசுக்கினால் கிடைக்கும் வடிவத்துக்கும் அதே அணு அடுக்கு. அதனால் சிர்க்கோனியம் இல்லாத அந்த வடிவத்தையும் மில்லிங் பேப்பர்களில் 'ஸ்ரீலங்கைட் வகை' என்று எழுதுகிறார்கள்.

பல ஜிகாபாஸ்கல் என்றால் எவ்வளவு? முத்துக் குளிக்கிறவர் 20 மீட்டர் ஆழத்தில் தாங்குவது, மேலே இருக்கும் காற்றையும் சேர்த்து, 3 வளிமண்டல அழுத்தம். 1 ஜிகாபாஸ்கல் சுமார் 10,000 வளிமண்டலம். மன்னார் வளைகுடா 100 கிலோமீட்டர் ஆழமாக இருந்தால் அடியில் அது கிடைக்கும். அவ்வளவு ஆழமான கடல் பூமியிலேயே கிடையாது. 8 கிராம் பந்து மட்டும் இதை எப்படிச் செய்கிறது? முழு அடியும் இரண்டு பந்துக்கு நடுவே மாட்டிய பவுடரில், புள்ளி போன்ற இடத்தில், ஒரு கண நேரத்துக்கு இறங்குகிறது. விசை சின்னதுதான், பரப்பு அதைவிடச் சின்னது.

அடி வாங்கிய பொருள் நெருக்கமான அடுக்குக்கு மாறுவது டைட்டானியத்துக்கு மட்டும் நடப்பதில்லை. 1956-ல் பர்ன்ஸ், பிரெடிக் என்ற இருவர் சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கால்சைட்டை அரைத்தே அரகோனைட்டாக மாற்றிக் காட்டினார்கள். அரகோனைட் எது தெரியுமா? நம்ம முத்தும், முத்துச் சிப்பியின் உள்பக்கப் பளபளப்பும் அதே தாதுதான். சிப்பி அதை ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய தகடுகளாக, ஒவ்வொன்றாக அடுக்கி, நடுவே புரோட்டீன் தடவிக் கட்டுகிறது. மில் அடித்தே கொண்டு வருகிறது. மில்லிலிருந்து முத்து வராது, அடுக்கு அப்படி. ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேற எதுவும் ஓடவில்லை.

அனடேஸ் விஷயத்தில் பல ஆய்வுகளில் பதிவான வரிசை இது: அனடேஸ் முதலில் ஸ்ரீலங்கைட் வகையாகும், இன்னும் அடித்தால் ரூட்டைல் ஆகும். அடர்த்தியைப் பார்த்தாலே புரியும். அனடேஸ் 3.9, ரூட்டைல் 4.25, நடுவில் வரும் இது 4.3-ஐத் தாண்டும். ஆக, 31.4-ல் ஸ்ரீலங்கைட் வகை வருவது நடக்கக்கூடிய விஷயம்தான். எங்க ஆசைக்கு அடிப்படை இருந்தது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக ஏமாந்தோம்.

இப்போ சந்தேக நபர்கள். 31.4-க்குப் பக்கத்தில் வீடு கட்டியிருப்பது ஸ்ரீலங்கைட் மட்டும் இல்லை.

டங்ஸ்டன் கார்பைடுக்கு 31.5-ல் ஒரு பீக். பந்தும் ஜாரும் தேய்ந்து விழுந்த தூள். அகலமான பீக்குகளுக்கு நடுவே 0.1 டிகிரி வித்தியாசத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது. அது மட்டுமில்லை, டங்ஸ்டன் கனமான அணு, எக்ஸ்ரேயைப் பலமாகத் திருப்பி அனுப்பும். ஒரு சதவீதம் கலந்தாலே கிராஃபில் தலைகாட்டும்.

சோடியம் குளோரைடு, நம்ம ஊரு உப்பு. அதன் பெரிய பீக் 31.7-ல். கடற்கரை மணலைச் சரியாகக் கழுவாமல் அரைக்கிறவர்களும், கரைசலில் தயாரித்த சாம்பிளைச் சரியாக அலசாதவர்களும் பயப்பட வேண்டிய ஆள். எங்களுக்கு மணல் இல்லை என்பதால் இவர் தப்பித்தார்.

மூன்றாவது ஆள் நிஜமாகவே வில்லங்கம். டங்ஸ்டன் வேண்டாம் என்று சிர்க்கோனியா ஜாருக்கு மாறினால், சிர்க்கோனியாவின் மோனோகிளினிக் வடிவத்துக்கும் 31.5-ல் பீக் இருக்கு. ஸ்ரீலங்கைட்டின் ஒரிஜினல் கல்லிலேயே சிர்க்கோனியம் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்க. தேய்ந்து விழுந்த சிர்க்கோனியாவை வைத்தே ஒருவர் ஸ்ரீலங்கைட் கதை எழுதிவிடலாம்.

ஒரு பீக்கை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. கூட வருகிறவர்களைப் பார்க்கணும். டங்ஸ்டன் கார்பைடு என்றால் 35.6-ல் ஒன்று நிற்கும், அதுவும் 31.5-ஐவிட இரண்டு மடங்கு உயரமாக. உப்பு என்றால் 45.4-ல் வரும், டிஸ்டில்டு வாட்டரில் அலசினால் இரண்டும் போய்விடும். மோனோகிளினிக் சிர்க்கோனியா என்றால் 28.2-ல் இன்னும் பெரிசாக ஒன்று. ஸ்ரீலங்கைட் வகைக்கு 25.4-லும் பீக் உண்டு, ஆனால் அது அனடேஸின் நிழலில் மறைந்துவிடும், 42.6-ஐத்தான் தேடணும்.

எங்க கிராஃபுக்குப் போனோம். 42.6 தரை மட்டம். 35.6-ல், 31.4-ல் இருந்ததைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் ஒருத்தர் ஜம்மென்று நின்றார். 48-ல் அனடேஸ் பீக்கின் தோளில் ஒரு புடைப்பு, அதுவும் டங்ஸ்டன் கார்பைடின் இடம். எல்லாம் முதல் நாளே இருந்தது. 31.4-ஐ ஜூம் பண்ணியதில் பக்கத்தில் யாரையும் பார்க்கவில்லை.

பந்துகளை எடை போட்டோம். ஓட்டும் முன் 100.00 கிராம் என்று நோட்டில் இருந்தது. இப்போ 99.82. காணாமல் போன 0.18 கிராமும் 10 கிராம் பவுடருக்குள் என்றால் கிட்டத்தட்ட 1.8 சதவீதம், ஜார் சுவர் தேய்ந்தது தனி. தராசு மேஜை மேலேயே இருந்தது, இரண்டு நிமிஷ வேலை. பவுடரும் வெள்ளையிலிருந்து சாம்பல் நிறமாக மாறியிருந்தது. ஆக்ஸிஜன் இழந்தாலும் டைட்டானியம் டை ஆக்சைடு நிறம் மாறும் என்று எங்கேயோ படித்ததை வைத்து அதையும் எங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டிருந்தோம்.

சிம்போசியத்துக்கு மெயில் அனுப்பி அப்ஸ்ட்ராக்டைத் திரும்ப வாங்கினோம். அந்த மெயிலை டைப் பண்ண நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். ரிவ்யூவில் கைடு மார்க் குறைக்கவில்லை. ஸ்லைடில் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே 'டங்ஸ்டன் கார்பைடு கலப்பு' என்று கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினோம்.

அப்புறம் வேற ஒரு லேபில் கெஞ்சி சிர்க்கோனியா ஜார் வாங்கினோம். பந்து ஒன்று 3 கிராம்தான், அடி லேசு. அதனால் 400 ஆர்பிஎம், 30 மணி நேரம். இந்த முறை 5 மணி நேரத்துக்கு ஒரு தடவை பந்தை எடை போட்டு நோட்டில் எழுதினோம். வெறும் பவுடரை மட்டும் எடுத்த கிராஃப், பந்திலிருந்து சுரண்டிய தூளை மட்டும் எடுத்த கிராஃப், அரைத்த பவுடர், மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தோம்.

25.3 பாதிக்கு மேல் இறங்கியிருக்கு. 27.4-ல் ரூட்டைல் எட்டிப் பார்க்குது. 30.2-ல் பந்திலிருந்து வந்த டெட்ராகோனல் சிர்க்கோனியா, ரொம்பச் சின்னதாக. 28.2-ல் ஒன்றும் இல்லை. 31.4-ல் ஒரு அகலமான மேடு. 42.6-லும் ஒரு மேடு, இது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவு.

ரூம்மேட் இந்த முறை கத்தவில்லை. "ராமனுக்கு ஸ்லாட் எப்பல கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டான். வருகிற புதன்கிழமை.